எடைமேடைக்காரரின் எட்டு வேளை

பத்து மணிக்குக் கைப்பேசி கூவியதும் எங்கள் எடைமேடைக்காரர் வலது கையை உயர்த்தி, மேடையை நோக்கி ஊர்ந்து வரும் லாரியை நிறுத்துகிறார். டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி ஏதோ சொல்ல வாயெடுத்து, ஆள் யாரென்று பார்த்ததும் தலையை உள்ளே இழுத்துக்கொள்கிறார். இவர் கேபினுக்குள் வந்து, நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, முதுகு சுவரில் படும்படி நிமிர்ந்து உட்கார்ந்து, உள்ளங்கை அளவு டப்பா ஒன்றைத் திறக்கிறார். உள்ளே மசித்த உருளைக்கிழங்கு, பாதி முட்டை. சாப்பாட்டைப் பார்த்தால் நமக்கெல்லாம் ஒரு முகம் வருமே, அது அவருக்கு வருவதில்லை. விண்ணப்பம் நிரப்பச் சொன்னால் வருகிற முகம் வருகிறது. "சரி, வா," என்று டப்பாவிடம் சொல்லிவிட்டுக் குழந்தைக் கரண்டியை எடுக்கிறார்.

ஒரு வாய்க்கு முப்பது தடவை மெல்ல வேண்டும் என்பது டாக்டரம்மாவின் உத்தரவு. மெல்லும்போது பேசக் கூடாது, தண்ணீர் குடிக்கக் கூடாது, குனியக் கூடாது. எதிரே கணினியின் முன் உட்கார்ந்திருக்கும் நானும் வேலையை விட்டுவிட்டு மனசுக்குள் எண்ணிக்கொண்டிருப்பேன். இருபத்தெட்டு, இருபத்தொன்பது. முப்பதானதும் கண்ணை மூடி விழுங்குவார். விழுங்கியது எங்கே போகிறது என்று காது கொடுத்துக் கேட்பது மாதிரி கொஞ்ச நேரம் அப்படியே இருப்பார். பிறகுதான் அடுத்த கரண்டி. ஆறாவது கரண்டிக்கு இடது கை தானாக நெஞ்சுக்கு ஏறும். "லோடு ஆயிடுச்சும்மா," என்று டப்பாவை மூடுவார். எழுந்து மேடையைச் சுற்றி மெதுவாக இரண்டு நடை நடப்பார். அப்புறம்தான் அந்த லாரிக்கு வழி.

காலை ஆறு, எட்டு, பத்து, பன்னிரண்டு என்று இரவு எட்டு வரை இப்படி எட்டு வேளை. கேபின் மேசையில் ஐந்து டப்பாக்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றின் மூடியிலும் அவர் மனைவி மணியை எழுதி ஒட்டியிருப்பார். "ஒரு நாளைக்கு எட்டு வேளை திங்கறவன் எவனாவது இப்படி எளைச்சுப் பாத்திருக்கியா?" என்று என்னிடம் கேட்பார். குரலில் சிரிப்பு இருக்காது. குரலே பாதிதான் இருக்கிறது.

பழைய இரும்பு வாங்கி விற்கும் யார்டு எங்களுடையது. வாசலை ஒட்டி எடைமேடை. லாரி சரக்கோடு ஒரு தடவை ஏற வேண்டும், இறக்கிவிட்டு வெறும் வண்டியாக இன்னொரு தடவை ஏற வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சரக்கு. இதில் எத்தனை தில்லுமுல்லு செய்யலாம் என்று நீங்கள் கற்பனை செய்ய வேண்டாம், செய்பவர்கள் தினமும் வருகிறார்கள். சரக்கோடு வரும்போது தண்ணீர்த் தொட்டியை நிரப்பிக்கொண்டு வருவார்கள். காலி எடைக்கு வரும்போது தொட்டி வறண்டிருக்கும். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் மச்சானைப் படுக்க வைத்து, போர்வையைப் போட்டு மூடி, அவனையும் இரும்பு விலைக்கு விற்கப் பார்ப்பார்கள்.

இருபத்திரண்டு வருஷமாக இவர் கண்ணில் மண்ணைத் தூவியவர் யாருமில்லை. லாரி மேடையேறியதும் டிரைவரை இறங்கச் சொல்லுவார். இறங்கியவர் மஞ்சள் கோட்டுக்கு அப்பால் போய் நிற்க வேண்டும். கால் கோட்டில் பட்டால்கூட உள்ளங்கையை நீட்டித் தள்ளி நிற்கச் சொல்லுவார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, எல்லாம் சுத்தம் என்று தோன்றிய பிறகு கேபினைப் பார்த்துத் தலையை ஒரு தடவை அசைப்பார். அந்தத் தலையசைப்பு வராமல் நான் எடை பதியும் பட்டனைத் தொடக் கூடாது. முதலாளியின் சொந்த லாரிக்கும் அதே சட்டம்தான். பழைய தராசில் நடுவே நிற்குமே ஒரு முள், அதை வைத்து டிரைவர்கள் இவருக்கு 'முள்ளு' என்று பெயர் வைத்தார்கள். எனக்கு முள்ளண்ணன். ஆபரேஷன் முடிந்து திரும்பி வந்தபோது வாசலில் இருந்த டிரைவர் ஒருவர், "பேருக்கேத்த மாதிரி ஆயிட்டீங்களேண்ணே," என்று சொல்லிவிட்டு, சொன்னதும் தானே கலங்கிப்போய் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நோய் வருவதற்கு முன்பு இவர் சாப்பிடுவதைப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கலக்கம் புரியும். நின்றுகொண்டே சாப்பிடுவார். ஒரு கையில் சோற்றுக் கிண்ணம், இன்னொரு கை லாரிக்குச் சைகை. மூன்று ஆள் சாப்பாடு பத்தே நிமிஷத்தில் காலி. என் டப்பாவிலும் கை வைப்பார். "உங்க வீட்டுல உப்புப் போடறதுக்குக் கணக்குப் பாப்பாங்களா?" என்று நக்கல் வேறு.

முதலில் ரொட்டி நின்றது. தொண்டைக்குக் கீழே ஒரு இடத்தில் சிக்கிக்கொண்டு, தண்ணீர் விட்டுத் தள்ள வேண்டியிருந்தது. ரொட்டியை விட்டார். அப்புறம் கறி நின்றது, அதையும் விட்டார். கடைசியில் சோறு. ஒவ்வொன்றையும் விடும்போது, "எனக்கு இப்பல்லாம் அது பிடிக்கல," என்று பூசி மெழுகியிருக்கிறார். ஐந்து மாதம். தன் சமையல்தான் பிடிக்காமல் போய்விட்டது என்று நினைத்து மனைவி மூன்று முறை சண்டை போட்டாராம். "நாக்கு செத்துப்போச்சா, இல்ல என்மேல கோவமான்னு கேட்டேம்மா. அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல இந்த மனுஷன்," என்று என்னிடம் சொல்லி அழுதார். டாக்டரிடம் போனபோது உணவுக்குழாயில் புற்றுநோய்.

தனக்கு என்ன செய்தார்கள் என்பதை இவர் டிரைவர்களுக்கு விளக்கும் அழகே தனி. "சாப்பாட்டுக் குழாய்ல பாதிக்கு மேல வெட்டிட்டாங்க. அப்புறம் மேலயும் கீழயும் எப்படிச் சேக்கறது? வயித்தையே நீளமா, ஒடுக்கமா தச்சு, மேல இழுத்து, கழுத்துக்கிட்ட கொண்டுவந்து மாட்டிட்டாங்க. இப்ப எனக்கு வயிறு நெஞ்சுல இருக்கு." கேட்பவர்கள் கதை விடுகிறார் என்றுதான் நினைப்பார்கள். சட்டையை விலக்கி, பக்கவாட்டில் ஓடும் நீளத் தழும்பைக் காட்டுவார். "படுத்தா எல்லாம் வாய்க்கு வரும். அதனால உக்காந்தே தூங்கறேன். பசிக்குதான்னு கேக்காத. பசி எங்க இருக்குன்னு நானே தேடிட்டிருக்கேன்."

வேலைக்குத் திரும்பியதும் அவரால் கத்த முடியாது என்பதால் என்னை மைக்கில் பேசச் சொன்னார்கள். "வண்டியை அணைங்க, இறங்குங்க" என்று நான் சொல்ல, அவர் கையை மட்டும் ஆட்டுவார். எனக்கு வாய் அதிகம் என்று யார்டில் ஏற்கெனவே ஒரு பேச்சு உண்டு. ஒலிபெருக்கியும் கொடுத்தால் கேட்க வேண்டுமா. முதல் வாரமே ஒரு டிரைவர், மகள் பரீட்சையில் தேறிய சந்தோஷத்தில் இனிப்புக் கொண்டுவந்தார். வேண்டாம் என்றால் முகம் வாடிவிடுமே என்று இவர் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டார். பத்து நிமிஷத்தில் வியர்த்துக் கொட்டியது. கை நடுங்கி, நெஞ்சு படபடத்து, கழிப்பறைக்கு ஓடினார். திரும்பி வந்து மேசையில் தலையைக் கவிழ்த்துப் படுத்தவர் ஒரு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. இனிப்பு நேராகக் குடலில் போய் விழுந்தால் அப்படித்தான் ஆகுமாம். டிரைவருக்குத் தெரியக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

ஒரு நாள் நான்கு மணி டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். நான் பொறுக்க முடியாமல், "சாப்பிடுங்கண்ணே, ஆறிடப் போகுது," என்றேன்.

"வேலை செஞ்சு களைச்சவன நீ பாத்திருப்ப. சாப்பிட்டுக் களைச்சவன பாத்திருக்கியா?" என்றார். "காலைல எந்திரிச்சதும் எட்டு டப்பா கண்ணு முன்னாடி நிக்குதும்மா. ஒண்ண முடிச்சு நிமிந்தா அடுத்தது. லீவே கிடையாது." பிறகு கடனே என்று கரண்டியை எடுத்தார்.

அவர் மனைவி சலவை நிலையம் ஒன்றில் இஸ்திரி போடுகிறார். காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை நின்றபடி வேலை. ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது இவருடைய வயிற்றின் இடப்பக்கம் சின்னக் குழாய் ஒன்றை வைத்து அனுப்பியிருந்தார்கள். வாயால் போதுமான அளவு சாப்பிடும் வரை, பால் மாதிரி ஒரு சத்துத் திரவத்தை அதன் வழியே சொட்டுச் சொட்டாகக் குடலுக்கு விட வேண்டும். நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் அடைத்துக்கொள்ளும். பகலில் வேலை என்பதால் இரவு முழுக்க அந்த வேலை மனைவிக்கு. உறக்கம் கெட்டுக் கெட்டு, ஒரு நாள் இஸ்திரி மேசையில் நின்றபடியே கண்ணயர்ந்துவிட்டார். பெட்டியின் முனை மணிக்கட்டுக்கு மேலே பதிந்து தோல் உரிந்துபோனது. அந்தத் தழும்பு இப்போதும் முக்கோணமாகத் தெரிகிறது.

மாதம் ஒரு முறை ஆஸ்பத்திரியில் பார்ப்பார்கள். எடை ஐம்பது கிலோவுக்குக் கீழே இறங்காமல் இரண்டு முறை நின்றுவிட்டால் குழாயை எடுத்துவிடலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். கீழே போனால் குழாய் தொடரும். எடுத்த பிறகு போனால் மறுபடி வைக்க வேண்டி வரும். முதல் முறை ஐம்பது புள்ளி ஒன்று. இரண்டாம் முறை ஐம்பதரை. குழாயை எடுத்துவிட்டார்கள். அன்று மனைவி யார்டுக்கே வந்து எல்லோருக்கும் பழம் கொடுத்தார். இவர் மேடையின் அந்தக் கோடியில் நின்று, வராத லாரிக்காகச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அவ்வளவுதான் புத்தி.

மூன்றாவது மாதம் ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளிலும், முந்தைய இரண்டு முறை போலவே, காலையில் யார்டுக்கு வந்து சின்னத் தராசைச் சோதித்துவிட்டுத்தான் போனார். மூட்டையாக வரும் சில்லறைச் சரக்குக்குக் கேபினுக்குப் பக்கத்தில் சின்ன எலக்ட்ரானிக் தராசு ஒன்று இருக்கிறது. தினமும் காலையில் அதன்மேல் எடைக்கற்களை வைத்துப் பார்த்து, "சரி" என்று அவர் சொன்ன பிறகுதான் வியாபாரம். முத்திரை குத்திய பித்தளைக் கற்கள். மரப்பெட்டிக்குள் ஒவ்வொன்றுக்கும் ஒரு குழி. அந்தப் பெட்டியைத் துடைத்து வைப்பதில் காட்டும் அக்கறையை மனுஷன் தன் உடம்பில் காட்டியிருந்தால் ஐந்து மாதம் வீணாகியிருக்காது.

அவர் போன ஒரு மணி நேரத்தில் செம்புக் கம்பி மூட்டையோடு வந்த ஒருவர், தராசு சரியில்லை என்று தகராறு செய்தார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "யார் தராசைப் பத்திப் பேசறீங்க, இருங்க," என்று பெட்டியைக் கொண்டுவந்து அவர் முகத்துக்கு நேராகத் திறந்தேன். மூன்று குழிகள் காலி. ஒரு கிலோக் கற்கள் இரண்டும் இல்லை, அரைக் கிலோக் கல் ஒன்று இல்லை. இருந்த ஐந்து கிலோக் கல்லை வைத்து எப்படியோ அவரைச் சமாளித்து அனுப்பினேன். திருட்டுப் போய்விட்டதே, முள்ளண்ணன் வந்தால் என்ன பதில் சொல்வது என்று மேசைக்கடியிலும் மூட்டைகளுக்கு நடுவிலும் தேடினேன்.

மதியம் இரண்டு மணிக்கு வந்தார். நான் பின்பக்கம் டப்பா கழுவிக்கொண்டிருந்தேன். கேபினில் யாருமில்லை என்று நினைத்துவிட்டார். முழங்கால் பக்கம் பை வைத்துத் தைத்த பேன்ட் அவருடையது. அந்தப் பையிலிருந்து கைக்குட்டை முடிச்சு ஒன்றை எடுத்து, அவிழ்த்து, மூன்று கற்களையும் துணியால் துடைத்து அதனதன் குழியில் வைப்பதைக் கதவருகே நின்று பார்த்தேன்.

"என்னண்ணே, கல்லுக்கு உடம்பு சரியில்லையா? ஆஸ்பத்திரி கூட்டிட்டுப் போனீங்களா?" என்றேன்.

கையும் களவுமாகப் பிடிபட்ட டிரைவர்கள் முதலில் செய்வதைத்தான் அவரும் செய்தார். பெட்டியை மூடினார். பிறகு நாற்காலியைச் சுவரோடு இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நர்சு பாவம், கும்பல்ல கவனிக்க மாட்டா. செருப்ப மட்டும் கழட்டச் சொல்லுவா," என்றார்.

"முதல் தடவையிலேர்ந்தா?"

"முதல் தடவை அரைக்கிலோதான். அடுத்த தடவை ஒண்ணரை." பெட்டியைப் பார்த்து, "முத்திரை போட்ட கல்லு. எடை சுத்தமா இருக்கும்," என்றார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, அவரை அறையலாம் போலவும் வந்தது. கையைப் பிடித்து இழுத்துப் போய்ச் சின்னத் தராசில் ஏற்றினேன். நாற்பத்தேழு புள்ளி ஏழு. அவர் எண்ணைப் பார்த்துவிட்டு, "காலி எடை இதுதான்," என்று சொல்லி இறங்கினார்.

"ஏண்ணே இப்படி? ஊரையே கண்ணுல விரல விட்டு ஆட்டற ஆளு நீங்க."

"அவ கை வெந்துச்சும்மா," என்றார். "குழாய எடுத்தப்புறம் அவ தூங்கறா. குறட்ட விடறா, உனக்குத் தெரியுமா? இருபத்தாறு வருஷத்துல நான் கேட்டதே இல்ல. நான் உக்காந்துட்டே முழிச்சிருப்பேன். அந்தச் சத்தத்தக் கேட்டுட்டு இருப்பேன். அத மறுபடியும் கெடுக்கச் சொல்றியா?"

ஆஸ்பத்திரியில் கொடுத்த காகிதம் மேசைக் கண்ணாடிக்கு அடியிலேயே இருந்தது, தினமும் பார்க்கிற காகிதம். விழுங்குவதற்குச் சிரமமாக இருந்தாலோ எடை குறைந்தாலோ உடனே தெரிவிக்கவும், தையல் போட்ட இடம் சுருங்கியிருந்தால் விரித்துவிடலாம் என்று அச்சடித்திருந்தது. அதன்மேல் விரலை வைத்துக் காட்டினேன்.

"உருளைக்கிழங்குக்கு இப்பல்லாம் முக்கால் மணி நேரம் ஆகுது. நான் பாத்துட்டுத்தானே இருக்கேன். அது சுருங்கியிருந்தா சரி பண்ணிடலாம்னு போட்டிருக்கு. சொல்லாம இருந்தா அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சுருங்கலா இருந்தா சரி," என்றார். வெளியே ஒரு லாரி ஹாரன் அடித்தது. அவர் திரும்பவில்லை. "போன வாரம் ரொட்டி நின்னுச்சு. தண்ணி விட்டுத் தள்ளினேன். முதல்ல வந்தப்பவும் இப்படித்தாம்மா ஆரம்பிச்சுது."

அப்போதுதான் புரிந்தது. மனைவியின் தூக்கம் பொய்யில்லை. ஆனால் அதற்குப் பின்னால், போர்வைக்கு அடியில் படுத்திருக்கும் மச்சான் மாதிரி, இந்தப் பயம் படுத்திருந்தது. நான் அவர் முன்னாலேயே அழுதுவிட்டேன். அவர் டேபிள் துடைக்கும் துணியை எடுத்து நீட்டினார். அதில் கிரீஸ் இருந்தது, என் முகமெல்லாம் கறுப்பு.

"அண்ணிகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்றேன்.

"அடுத்த தடவை வரைக்கும் விடு."

"ஒரு மாசமெல்லாம் விட மாட்டேன். நாள முன்னாடி மாத்தி வாங்குங்க."

என் நச்சரிப்புத் தாங்காமல் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, பதினோராம் நாளுக்கு மாற்றி வாங்கினார். மனைவியிடம் வழக்கமான நாளில் டாக்டர் ஊரில் இருக்க மாட்டார் என்று ஒரு சாக்குச் சொன்னார். அந்தப் பதினோரு நாளும் எனக்கு நெருப்பை மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்த மாதிரி இருந்தது. முட்டையை நிறுத்தினார். கிழங்கைத் தண்ணீராகக் கரைத்துக்கொண்டார். டப்பாவில் பாதியை, நான் பார்க்காதபோது, வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் நாய்க்கு வைத்தார். நான் பார்த்தேன். அந்த நாய் நன்றாகக் கொழுத்துவிட்டது.

நடுவில் ஒரு நாள் ஒரு லாரி சரக்கோடு மேடையேறியது. டிரைவர் இறங்கி மஞ்சள் கோட்டைத் தாண்டி நல்ல பிள்ளையாக நின்றார். இவர் வண்டியைச் சுற்றி வந்தார், சீட்டுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார், பார்த்தபடியே நின்றார். "எறங்கி வா," என்றார் அந்தப் பாதிக் குரலில். போர்வையை விலக்கிக்கொண்டு தாடி வைத்த ஆசாமி ஒருவர் அசட்டுச் சிரிப்போடு இறங்கினார். வழக்கமாக இந்த இடத்தில் முள்ளண்ணன் ஏதாவது கிண்டலாகச் சொல்லி யார்டையே சிரிக்க வைப்பார். அன்று நேராகக் கேபினுக்கு வந்து, "அந்தாளு எத்தன கிலோ இருப்பான்?" என்று என்னிடம் கேட்டார்.

"எழுபது இருக்கும்."

"எழுபது கிலோவ ஒளிச்சு வச்சுட்டு அந்த டிரைவர் எப்படி நின்னான் பாத்தியா, ஒரு பதட்டம் இல்லாம. எனக்கு ரெண்டரைக் கிலோவுக்கே கால் நடுங்குது."

பதினோராம் நாள் யார்டுக்கு விடுமுறை. முந்தின மாலை அவர் கிளம்பிய பிறகு பெட்டியைத் திறந்து பார்த்தேன். நான்கு குழிகள் காலி. இந்த முறை இரண்டு கிலோக் கல்லையும் எடுத்திருந்தார். கூட்டிப் பார்த்தேன், நான்கரைக் கிலோ. அன்றைக்கு அவருடைய காலி எடை எவ்வளவு என்று நான் கேட்காமலே தெரிந்துபோயிற்று. மறுநாள் காலை முதல் பேருந்தைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டேன். அவர் சொல்லாவிட்டால் நான் சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் போனேன். அதற்கப்புறம் அவர் என்னோடு பேசாமல் போனாலும் போகட்டும்.

காத்திருக்கும் இடத்தில் இருவரும் ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பேன்ட், மேலே தொளதொளவென்று ஒரு சட்டை. முழங்கால் பக்கம் இரண்டு பைகளும் கனத்துத் தொங்கின. பெல்ட்டில் புதிதாகப் போட்ட ஓட்டைகளைத் தாண்டி இன்னும் ஒரு ஓட்டை. என்னைப் பார்த்ததும் அவர் கண் ஒரு நொடி என் கண்ணில் நின்று விலகியது. அண்ணி நகர்ந்து இடம் கொடுத்தார்.

"லீவு நாள்ல நீ எதுக்கும்மா அலையற?" என்றார். மடியில் டப்பாப் பை இருந்தது. நல்ல தூக்கம் தூங்கிய முகம். "இன்னைக்கு ஐம்பத்தொண்ணு காட்டணும்னு வேண்டிட்டிருக்கேன். இவர் முன்னாடி உக்காந்து நான் வாய் நெறையச் சாப்பிட்டு எட்டு மாசம் ஆச்சு. சமையல்கட்டுல நின்னுக்கிட்டே முழுங்கிட்டு வந்துடறேன். இவர் பாத்தா எனக்கு எறங்கமாட்டேங்குது. எடை ஏறிடுச்சுன்னா ரெண்டு பேரும் ஒரே மேசைல உக்காந்துடலாம்னு இருக்கேன்."

அவர் எதிர்ச் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்து மணிக்குக் கைப்பேசி கூவியது. அண்ணி டப்பாவைத் திறந்து கரண்டியோடு நீட்டினார். வாங்கிக்கொண்டார். முதல் வாய். நான் எண்ணினேன். முப்பது ஆனது, நாற்பது ஆனது, அவர் விழுங்கவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணோரம் ஈரம் கசிந்தது. அண்ணி அதைப் பார்த்தார். டப்பாவின் மூடியைப் பிடித்திருந்த அவர் கை அப்படியே நின்றுவிட்டது.

"என்னங்க, நிக்குதா?" என்று மெதுவாகக் கேட்டார்.

அவர் கரண்டியை டப்பாவிலேயே வைத்துவிட்டார். ஐந்து மாதம் அவர் சொல்லாமலிருந்த பதில் அது. உள்ளே நர்ஸ் கூப்பிட்டார்.

எடைக்கருவி கதவையொட்டித் தரையில் இருந்தது, ஒரு சாண் உயரம். செருப்பைக் கழற்றினார். ஏறும்போது தடுமாறிவிடுவாரே என்று அண்ணி ஓடிப்போய் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் குனிந்தார். குனியக் கூடாது என்று சொல்லப்பட்ட மனிதர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து, வலது பையின் பட்டனைக் கழற்றினார். கைக்குட்டை முடிச்சு வெளியே வந்தது. பிறகு இடது பை. இரண்டு முடிச்சுகளையும் மனைவியின் கையில் வைத்தார். எதிர்பாராத கனத்தில் அந்தக் கை சட்டென்று தாழ்ந்தது. கைக்குட்டை விலகி, பித்தளையின் மேல் 'இரண்டு' என்று பொறித்த எண் தெரிந்தது.

அண்ணி அந்த எண்ணைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். மறுபடி எண்ணைப் பார்த்தார். நர்ஸ் எழுதுவதற்குப் பேனாவைப் பிடித்தபடி, "என்னம்மா அது?" என்று கேட்டார். அண்ணி கற்களை மார்போடு அணைத்துக்கொண்டார். முக்கோணத் தழும்புள்ள மற்றக் கையால் மறுபடியும் அவர் முழங்கையைப் பற்றினார். அவர் கருவியின் மேல் ஏறினார். அவரோடு சேர்ந்து அண்ணியின் ஒரு காலும் தட்டின் விளிம்பில் ஏறியிருந்தது.

அவர் தன் முழங்கையை மெல்ல விடுவித்துக்கொண்டார். மேடையில் எத்தனையோ ஆயிரம் தடவை செய்ததைப் போலவே, திரும்பிப் பார்க்காமல் உள்ளங்கையை நீட்டித் தள்ளி நிற்கச் சொன்னார். அண்ணி காலை எடுத்துக்கொண்டு ஒரு அடி பின்னால் வந்தார். அவர் குனிந்து தன் பாதங்களைச் சுற்றி ஒரு முறை பார்த்தார். நிமிர்ந்தார். நர்ஸைப் பார்த்துத் தலையை ஒரு தடவை அசைத்தார்.